பழகுவதற்கு இரண்டு விருந்தாளிகள்

எங்கள் தகரக் கொட்டிலுக்கு முன்னால் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, என் அக்காவின் மகள் இறங்காமலே சொன்னாள்:

"சின்னம்மா, நாளைக்கு நீங்களும் சித்தப்பாவும் எங்கட ஹோட்டலில வந்து ஒரு நாள் தங்க வேணும்."

நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த பாரை மீனைக் கீழே வைக்காமல் கேட்டேன்.

"என்னத்துக்கு? கூட்டவோ, துடைக்கவோ?"

"இல்லை சின்னம்மா. சாப்பிட. படுக்க."

"அதை இஞ்சையே செய்யிறம்தானே."

அவள் ஸ்கூட்டியில் இருந்தபடியே விளக்கினாள். ஹோட்டல் இன்னும் திறக்கவில்லை. வேலைக்கு எடுத்தவர்கள் எல்லாரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். ஹோட்டல் என்றால் மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்திலுள்ள சாப்பாட்டுக் கடை என்று நினைத்திருந்தவர்கள். அவர்களுக்குக் கை பழக மெய்யான விருந்தாளிகள் வேண்டும். அதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு புருசன் பெண்சாதி வருவதாக இருந்ததாம். மழைக்கு றோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய, அவர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். முதலாளி வந்து பார்ப்பதற்கு முன்னர் யாரையாவது ஒரு தடவை படுக்க வைத்து எழுப்பிப் பார்த்தே ஆக வேண்டுமாம்.

"மனேஜர் கேட்டவர், உங்கட சொந்தத்தில அமைதியான ஒரு சோடி இருக்கோ எண்டு. நான் ஓம் எண்டிட்டன்."

"அமைதி எண்டு ஆரைச் சொன்னனீ?"

"சித்தப்பாவை," என்றாள்.

ஹோட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரிப்புக் கடற்கரையில், முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வெள்ளைக்கார ஆளுநர் ஒருவர் தனக்கென்று கட்டிய மாளிகை ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வது மரியாதைக்கு. சில சுவர்களும் கொஞ்சம் தூண்களும்தான் மிச்சம். மற்றதைக் கடல் எடுத்துக்கொண்டது. எங்கள் சனம் அதை ஏதோவொரு ராணியின் கோட்டை என்று சொல்லும். இல்லை, வெள்ளைக்காரன் கட்டினது என்று படித்தவர்கள் யாராவது திருத்தினால், "அப்ப ராணி அவருக்குக் குடுத்திருப்பா" என்றுவிட்டுப் போவார்கள். சண்டை முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு கொழும்பு முதலாளி ஒருவர் அதற்குச் சற்றுத் தள்ளிக் காணி வாங்கி, அந்த மாளிகை இடியாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒரு ஹோட்டலைக் கட்டினார். பெரிய வெள்ளைத் தூண்கள், உயர்ந்த யன்னல்கள், நீளமான விறாந்தை. எங்கள் பக்கத்தில் அதற்கு அரண்மனை என்றே பெயராகிவிட்டது.

நாங்கள் முள்ளிக்குளத்து ஆட்கள். சண்டை நேரத்தில் ஊரைவிட்டு எழும்பி, நாலு இடம் அலைந்து, திரும்பி வந்தபோது எங்கள் கல்வீடு இடியாமல் இருந்தது. ஆனால் அது கடற்படை முகாமின் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டிலில் இருந்தோம். ஆகவே, சொந்த வீட்டில் படுக்க முடியாத எங்களை அரண்மனையில் படுக்கக் கூப்பிட்டது எனக்குப் பெரிய அதிசயமாகப் படவில்லை. நாங்கள் எங்கே படுக்க வேண்டும் என்பதை மற்றவர்கள் தீர்மானிப்பது எங்களுக்குப் பழகிய காரியம்தான்.

ஆனால் நான் ஓம் பட்டது கட்டிலுக்காக இல்லை. காரணம் எங்கள் வாசலுக்கு எதிரே, முன்கொட்டிலில் இருந்தவள்.

அவளும் முள்ளிக்குளம்தான். ஒரே கோயில், ஒரே வயது. முகாமில் இருந்த காலத்தில், தண்ணீர் பவுசர் வந்த ஒரு நாள், வரிசையில் இருந்த என் வாளியைப் பின்னுக்குத் தள்ளித் தன் வாளியை வைத்தாள். நான் அவளுடைய வாளியைக் கவிழ்த்தேன். பிறகு இரண்டு பேரும் ஒருவருடைய பரம்பரையை மற்றவர் விசாரித்தோம். அதோடு பேச்சு நின்றது. பிறகு ஊர் திரும்பியபோது, கொட்டில் பிரித்துக் கொடுத்த உத்தியோகத்தர் எங்கள் இரண்டு வாசல்களையும் நேருக்கு நேர் வைத்தார். காலையில் கதவைத் திறந்தால் அவள் முகம். பல வருஷம் ஒரு சொல் இல்லை. அவள் வாளியைத் தள்ளியது பிழை என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

அவள்தான் இப்போது அந்த ஹோட்டலில் அறைகள் ஒழுங்கு பண்ணுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விருந்தாளியாக நான் போனால் அவள் எனக்கு வணக்கம் சொல்லத்தான் வேண்டும். இந்த எண்ணம் வந்த பிறகு, மீன் வெட்டி முடிக்கும்வரை எனக்குப் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் பெருநாள் சேலையைக் கட்டினேன். இவர் வெள்ளை சேட்டும் வேட்டியும் உடுத்து, இருந்த ஒரே சப்பாத்துச் சோடியைத் துடைத்துப் போட்டார். குளிரூட்டி வைத்த வான் சந்திக்கு வந்து எங்களை ஏற்றியது. வழி முழுவதும் இவர் யன்னலோடு இருந்து, தெரிந்தவர்களைக் கண்டபோதெல்லாம் கை காட்டினார். கண்ணாடி கறுப்பு என்பதால் ஒருவருக்கும் இவரைத் தெரியவில்லை.

ஹோட்டல் வாசலில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். என் பெறாமகள், அதுதான் அக்காவின் மகள், குளிர்ந்த சின்னத் துவாய்களை ஒரு தட்டத்தில் நீட்டி, "வெல்கம் மேடம், வெல்கம் சேர்" என்றாள். அவள் பிறந்தபோது முதல் குளிக்க வார்த்தவள் நான். இவர் துவாயை எடுத்து மணந்து பார்த்து, மடித்து சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"அது முகம் துடைச்சிட்டுத் திருப்பித் தரவேணும் சேர்," என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

அவளுக்குப் பக்கத்தில் முன்கொட்டில்காரி நின்றாள். வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பட்டியும். கையில் மல்லிகை மாலை. மாலையை என் கழுத்தில் போட்டாள். போட்டபோது நான் கடலைப் பார்த்தேன். அவள், "வணக்கம் மேடம்" என்றாள். அந்த வணக்கம் எனக்குப் பின்னாலிருந்த தூணுக்குத்தான். இருந்தாலும் காதில் விழுந்தது. நான் வந்த காரியம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பகலும் ஓர் இரவும் என்ன செய்வது என்று நான் யோசித்திருக்கவில்லை.

உள்ளே போனதும் சுவர்களைப் பார்த்துத் திடுக்கிட்டேன். புதுக் கட்டடம், எங்கு பார்த்தாலும் வெடிப்பு.

"உது கீறினது மேடம்," என்றாள் பெறாமகள். "பழசு மாதிரித் தெரிய வேணுமெண்டு கொழும்பால ஆக்கள் வந்து கீறினவை."

எங்கள் பக்கத்தில் வெடிப்புப் பூசுவதற்கு ஒரு மேசனைப் பிடிப்பதே பெரும்பாடு. வெடிப்புப் போடுவதற்கென்றே ஆட்கள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் அறைக்குள் மூன்று கொட்டில்கள் கட்டலாம். நடுவில் நாலு மரத்தூண் வைத்த கட்டில். அதன் உயரம் என் இடுப்புக்கு வந்தது. ஏறுவதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படி. இவர் சப்பாத்தைக் கழற்றாமல் படியில் ஏறி, நான் கத்தியதும் இறங்கிக் கழற்றிவிட்டு, மறுபடி ஏறி நடுவில் சம்மணம் கொட்டி இருந்தார்.

"இஞ்சேரும், இதில இருந்தா ஆளுநர் மாதிரித்தான் இருக்கு," என்றார்.

"ஆளுநர் வேட்டியோ கட்டினவர்?"

"அவருக்குக் கட்டத் தெரியாது."

அந்த நேரத்தில் மனேஜர் வந்தார். கொழும்புத் தமிழர், நல்ல பிள்ளை, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சேர், ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்லைத் தம்பி. எல்லாம் நல்ல வடிவு."

மனேஜரின் முகம் வாடிவிட்டது. "அப்படிச் சொல்லக் கூடாது சேர். குறை சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டோம். நீங்க சொன்னாத்தான் பிள்ளைகள் பழகுவாங்க."

எங்கள் வாழ்க்கையில் குறை கேட்க எத்தனையோ அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். குறை இல்லை என்றால் சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். குறை இல்லை என்றதற்கு முகம் வாடிய ஒருவரை நான் அன்றைக்குத்தான் கண்டேன். இவருக்கும் அது பாவமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்து, "கட்டில் உயரம் கூட" என்றார். மனேஜர் முகம் மலர்ந்தது. "படி ஆடுது" என்றார். மனேஜர் நன்றி சொன்னார். "தலையணி கூடிப்போச்சு. இவ்வளவையும் எங்க வைக்கிறது?" அதற்கும் நன்றி. நிவாரண வரிசைகளில் புழுத்த அரிசிக்கும் வாய் திறக்காத மனுசன், தேத்தண்ணி நேரம் வருவதற்குள் கதிரை, யன்னல், குழாய், கடல் சத்தம் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துவிட்டார். அமைதியான ஆள் என்று சொல்லிக் கூட்டிவந்த பெறாமகள் என்னைப் பார்த்த பார்வையில் உறவு முறை எதுவும் இருக்கவில்லை.

பின்னேரம் அவள் எங்களை இடிந்த மாளிகையைப் பார்க்கக் கூட்டிப்போனாள். விருந்தாளிகளுக்குச் சொல்ல வேண்டிய கதையைப் பாடமாக்கியிருந்தாள். ஆளுநர், முத்து, சிப்பி, மது விருந்து எல்லாம் மூச்சுவிடாமல் வந்தது. இடையில் சுவரில் நின்ற ஆடு ஒன்று கத்தியதும் இடம் தவறி, மறுபடி ஆளுநரிலிருந்து தொடங்கினாள். இவர் அதையும் குறையாகச் சொல்ல வாயெடுத்தார். நான் சேலைத் தலைப்புக்குள்ளால் கிள்ளினேன்.

திரும்பி அறைக்கு வந்தபோதுதான் அதைக் கண்டேன்.

நாங்கள் இல்லாத நேரத்தில் கட்டிலைச் சரி செய்து, இரண்டு துவாய்களை மடித்து இரண்டு உருவங்கள் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் அன்னம், வளைந்த கழுத்தோடு நல்ல வடிவாக இருந்தது. மற்றப் பக்கம் நாலு கால், தொங்கிய வயிறு, நீண்ட இரண்டு காது. கண்ணுக்குப் புளியங்கொட்டை. மன்னாரில் அதை அடையாளம் தெரியாதவர் யாரும் இல்லை. பஸ் ஸ்ராண்டிலும் அரசாங்கக் கந்தோர் வாசலிலும் நாள் முழுக்க நிற்கிற சாதிதான்.

கழுதை.

எந்தப் பக்கம் யார் படுப்பது என்று முன்கொட்டில்காரிக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். வெளியே போகும்போது நான் என் செபமாலையை என் தலையணையில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். கழுதை அந்தச் செபமாலையை முகர்ந்துகொண்டு நின்றது.

"பாத்தீங்களோ!" என்றேன்.

இவர் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "நல்லாச் செய்திருக்கிறாள். வாலும் வைச்சிருக்கிறாள்."

"எனக்குச் செய்திருக்கிறாள்!"

"சும்மா இரும். அது முயலாயும் இருக்கலாம்."

"முயலுக்கு இவ்வளவு பெரிய மூஞ்சையோ?"

அவர் மறுபடி பார்த்துவிட்டு, அது முயல் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். கழுதையைத் தட்டிக் கலைப்போமா என்று யோசித்தேன். கலைத்தால் சாட்சி போய்விடும். தூக்கி அப்படியே மேசையில் வைத்தேன். காலையில் குறை கேட்பார்கள்தானே, அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் வந்தது. நாங்கள் வீட்டில் சட்டியோடு நடுவில் வைத்துச் சுற்றியிருந்து குடிக்கிற கூழ், அங்கே கால் வைத்த கண்ணாடிக் குவளையில், விளிம்பில் ஒரு நண்டுக் காலைச் செருகி வந்தது. இரண்டு மிடறில் முடிந்தது. "பசியைக் கிளப்பத்தான் இது சேர்" என்றார் மனேஜர். "அது முந்தியே கிளம்பிட்டுது தம்பி" என்றார் இவர். அதற்கும் மனேஜர் நன்றி சொன்னார்.

அந்த மெத்தையில் நித்திரை வராமல் புரண்டோம், கடைசியில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தோம் என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் உண்மை அப்படியில்லை. வெட்கமில்லாமல் நித்திரை கொண்டோம். என்னைப் பெறாமகள் கதவில் தட்டித்தான் எழுப்பினாள்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் மனேஜர் எல்லா வேலையாட்களையும் விறாந்தையில் கூப்பிட்டு நிறுத்தினார். "நேற்று சேர் நிறைய உதவி செய்தாரு. மேடம் ஒண்ணுமே சொல்லல்ல. மேடம், உங்களுக்குக் குறை இருக்கா?"

நான் எழும்பினேன். வரிசையின் கடைசியில் அவள் நின்றாள். கை இரண்டும் சிவப்புப் பட்டிக்கு மேலே பின்னியிருந்தன. அவளுடைய புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவன். இந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும். அவள் அடுப்புப் புகை எந்த நேரம் கிளம்பும், எந்த நாள் கிளம்பாது என்பது எதிர்வாசலில் இருக்கிற எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஏனென்றால் அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, இவவின்ர தலைமாட்டில ஒரு கழுதை இருந்தது."

மனேஜர் பதறிவிட்டார். அறைக்குள் மெய்யான கழுதை வந்துவிட்டதென்று நினைத்தார் போல. துவாயில் செய்தது என்று சொன்னதும் அறைக்கே ஓடினார். திரும்பி வந்தபோது கழுதையை இரண்டு கையிலும் ஏந்தி, பூசையில் காணிக்கை கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார்.

"யார் செய்தது இது?"

வரிசைக் கடைசியிலிருந்து அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"நான்தான் சேர். ஆனா அது கழுதை இல்லை. மான்."

"மானா?" மனேஜர் உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்கதான் பார்த்தவங்க. நீங்க சொல்லுங்க. மானா, கழுதையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கழுதை என்றால் அவள் என்னைக் கழுதை என்றதை நானே சபையில் ஒப்புக்கொண்டதாகும். மான் என்றால் அவள் தப்பிவிடுவாள். அதுவும் என் தயவில். தயவு காட்டலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காதுகளைப் பார்த்தபோது மான் என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை.

"கழுதைதான் சேர்," என்றேன். "காதைப் பாருங்கோ."

"அதுதானே!" என்று மனேஜர் துள்ளினார். "எல்லா ஹோட்டல்லயும் அன்னம், யானை. மன்னாருக்கு வந்தா கழுதையைத்தானே பார்க்கணும்! இதை ஏன் நம்ம யாருக்கும் தோணல்ல? இனி ஒவ்வொரு கட்டில்லயும் ஒரு கழுதை. நீங்கதான் எல்லாருக்கும் பழக்கணும்." எல்லாரும் கை தட்டினார்கள். இவர் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார். பிறகு மனேஜர் கழுதையை என் மடியில் வைத்து, முதல் விருந்தாளி என்று சொல்லி ஒரு படம் எடுத்தார்.

அவள் மட்டும் கை தட்டாமல் நின்றாள். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் அறைக்குள் வந்தாள். கட்டில் விரிப்பை மாற்ற வேண்டும். நான் போகவில்லை. அவளும் வெளியே போங்கோ என்று சொல்லவில்லை.

"எனக்குத்தானே செய்தனீ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றாள்.

"அப்ப ஏன் மான் எண்டனீ?"

"வேலை போயிடும் எண்டு பயந்திட்டன்." தலையணை உறையை உருவினாள். "நீ என்னைக் காட்டிக்குடுக்கத்தானே எழும்பினனீ?"

"எழும்பினது உண்மைதான்."

"பிறகு?"

"பிறகு அந்தாள் முந்திட்டார்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்கத் தலையணையை முகத்தில் வைத்தாள். எனக்கும் வந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் கட்டிலைப் பார்த்து, "எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள். இத்தனை நாளாக அந்தக் கட்டிலை விரிப்பவள் அவள். ஒரு நாளாவது அதில் இருந்து பார்த்ததில்லையாம்.

"ஏறு," என்றேன்.

"ஐயோ, மனேஜர் வந்தா?"

"விருந்தாளி சொல்லுறன். ஏறு."

கதவைச் சாத்திவிட்டுப் படியில் ஏறினாள். நானும் ஏறினேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கால்கள் நிலத்தில் முட்டவில்லை. யன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மெத்தையைக் கையால் அமத்தி அமத்திப் பார்த்தாள். அப்போது இவர் கதவைத் திறந்தார். எங்களைக் கண்டார். கதவைச் சாத்திக்கொண்டு போனார். அந்த ஹோட்டலில் அவர் குறை சொல்லாத ஒரே விஷயம் அதுதான். பிறகு விரிப்பின் ஒரு பக்கத்தை அவளும் மறு பக்கத்தை நானும் பிடித்து இழுத்துக் கட்டிலைச் சரி செய்தோம். நான் பிடித்த பக்கம் சுருக்கம் விழுந்திருக்கிறது என்று அவள் சொன்னாள்.

ஹோட்டல் திறந்தது. வெள்ளைக்காரர் வந்தார்கள். துவாய்க் கழுதைகளைப் படம் எடுத்தார்கள். எதிர்வாசல்காரி அறைகளுக்கெல்லாம் பொறுப்பாளி ஆனாள். வேலைக்கு ஆள் போதாமல் போனபோது, தனக்குக் கீழே வேலை செய்ய வரச் சொல்லி எங்கள் வாசலுக்கு அவளே வந்து கேட்டாள். இவர் சிரித்ததைப் பார்த்தால் போகக் கூடாது என்றுதான் இருந்தது. போனேன்.

அவள் கண்டிப்பான பொறுப்பாளி. யன்னல் தட்டில் விரலை ஓட்டித் தூசி பார்ப்பாள். வேலை நேரத்தில் நான் அவளை நீ என்று சொல்லக் கூடாது. நீங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கோயிலில் ஒரே வாங்கில் இருக்கும்போது நீ என்று சொல்லலாம். ஞாயிறுப் பூசைக்கு லீவு கேட்டால், "காலமைப் பூசைக்குப் போட்டு வா, ஆண்டவர் விடியவும் இருக்கிறார்" என்பாள். நான் சண்டை பிடிப்பேன். இரண்டு நாள் பேச்சு நிற்கும். மூன்றாம் நாள், அழுக்கு விரிப்புகளை மன்னாருக்குக் கழுவக் கொண்டுபோகும் வானில் இரண்டு பேரும் போக வேண்டியிருக்கும். அவள் பொறுப்பாளி என்பதால் முன்னுக்கு, ட்றைவருக்குப் பக்கத்தில் இருப்பாள். நான் பின்னால், மூட்டைகளுக்கு நடுவில். றோட்டில் பள்ளம் வரும்போது திரும்பிப் பார்த்து, "விழுந்திடாதை" என்பாள்.

"எங்க விழ? சுத்திவர மூட்டைதானே," என்பேன்.

அதோடு பேச்சுத் தொடங்கிவிடும்.